உத்தியோகசாலை உபத்திரவமும் உள்ளத்தின் ஊறும்

கல்வியின் பயன் யாதென வினவுவார்க்கு நம்மவர் நெடுங்காலமாகக் கூறிவந்த விடை உத்தியோகம் என்பதே. பிள்ளையைக் கல்லூரியிற் சேர்க்கும் நாளிலேயே அவன் பிற்காலத்தில் அமரப்போகும் நாற்காலியைப் பெற்றோர் மனக்கண்ணாற் கண்டுவிடுகின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவரும் இலிகிதராயும் ஆசிரியராயும் பொறியியலாளராயும் வைத்தியராயும் வங்கி உத்தியோகத்தராயும் இலங்கையின் பல பாகங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றி வருகின்றனர். ஒருவர் விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதியைத் தொழில் செய்யும் இடமே கொள்கின்றது. அவ்விடத்தில் அவர் எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பது, அவர் பெறும் சம்பளத்தினும் மிகுதியாக அவர்தம் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. ஆயினும் உத்தியோகம் பெற்ற கதையே விழா மலர்களில் எழுதப்படுகின்றது; உத்தியோகத்திலே பட்ட கதை எழுதப்படுவதில்லை.

தொழில் செய்யும் இடத்தில் ஒருவரைப் பிறர் தொடர்ந்து இழிவுபடுத்தியும் ஒதுக்கியும் வருத்தும் கொடுமையையும், அதனால் அவருள்ளத்தில் உண்டாகும் கேட்டினையும் எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது புதிய கொடுமை அன்று, மிகப் பழையது. இதனை முறையாக ஆராய்ந்தறிந்த அறிவே புதிது. அவ்வறிவு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. அதனை முன்னரே கூறிவைத்து மேலே செல்வாம்: துன்புற்றவரிடம் நாம் காணும் குறைகளிற் பல அவர் துன்புறுத்தப்பட்டதற்குக் காரணம் அல்ல; துன்புறுத்தப்பட்டதன் விளைவேயாம்.

பெயர் வந்த வரலாறு

பகற்பொழுதிலே வெளிப்பட்டுவிட்ட கூகையொன்றைக் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கரைந்தும் கொத்தியும் துரத்துவதை நம் ஊர்களிற் கண்டிராதார் இலர். பறவைகளும் விலங்குகளும் கூட்டமாய்ச் சேர்ந்து தனித்த ஒன்றைத் தாக்கும் இவ்வியல்பைப் பற்றி, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ஒஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் எழுதியுள்ளார். இதனைக் குறிக்கும் ‘மொபிங்’ என்னும் சொல்லைச் சுவீடன் நாட்டு வைத்தியர் பீட்டர் போல் ஹைனமன் எடுத்து, பாடசாலையிற் பிள்ளைகள் பலர் கூடி ஒரு பிள்ளையை வருத்தும் செயலுக்குப் பெயராக்கினார். அவருடைய நூல் 1972 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஜெர்மனியிற் பிறந்து சுவீடனிற் பணியாற்றிய உளவியலறிஞர் ஹைன்ஸ் லேமன் என்பவர் 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே தொழிலிடங்களை ஆராயப் புகுந்தார். பாடசாலை முற்றத்திற் பிள்ளைகள் செய்வதனையே கந்தோரிலும் தொழிற்சாலையிலும் வைத்தியசாலையிலும் வளர்ந்தோர் செய்கின்றனர் என்பதை அவர் கண்டார். பிள்ளைகள் அடித்தும் தள்ளியும் செய்வதை வளர்ந்தோர் சொல்லாலும் மௌனத்தாலும் காகிதத்தாலும் செய்கின்றனர் என்பதே வேறுபாடு. அவர் 1999 ஆம் ஆண்டிற் காலமானார். எனினும் இத்துறையில் இன்று நடைபெறும் ஆராய்ச்சிகளுக்கு அவர் இட்ட அடிப்படையே துணையாய் நிற்கின்றது. இங்கிலாந்திலே அன்ட்ரியா அடம்ஸ் என்னும் பத்திரிகையாளர் 1992 ஆம் ஆண்டில் எழுதிய நூலும், பிரான்சிலே மாரி பிரான்ஸ் இரிகொயன் என்னும் மனநோய் வைத்தியர் 1998 ஆம் ஆண்டில் எழுதிய நூலும் இப்பொருளைப் பொதுமக்களிடையே பரப்பின.

உபத்திரவத்தின் இலக்கணம்

எதனையும் இதுவெனத் துணிவதற்கு இலக்கணம் வேண்டும். மேலதிகாரி ஒருநாட் சினந்து பேசுதல் உபத்திரவம் ஆகாது. கண்டிப்பான அதிபர் நேரத்துக்கு வருமாறு ஆசிரியர் எல்லாரையும் ஒருபடித்தாக வற்புறுத்துதலும் உபத்திரவம் ஆகாது. இருவர் கருத்து மாறுபட்டு வாதிடுதல் எங்கும் உள்ளதே. லேமன் வகுத்த இலக்கணப்படி, ஒருவரைக் குறித்துப் பகைமை நிறைந்த செயல்கள் வாரத்துக்கு ஒருமுறையேனும், ஆறுமாத காலமாயினும் தொடர்ந்து நிகழ்தல் வேண்டும். அன்றியும், அவற்றிற்கு இலக்கானவர் எதிர்த்து நிற்க இயலாத நிலையில் இருத்தல் வேண்டும். தொடர்ச்சி, இலக்கு, எதிர்க்கும் வலியின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்து உபத்திரவம் உண்டு எனக் கொள்ளலாம்.

இத்தகைய செயல்கள் நாற்பத்தைந்தினை அவர் நிரற்படுத்தி, ஐந்து கூறுகளாக வகுத்தார். ஒருவர் தம் கருத்தைச் சொல்லவொட்டாது தடுத்தல் முதலாவது. பிறரோடு பழகவொட்டாது ஒதுக்குதல் இரண்டாவது. அவருடைய நற்பெயரைக் கெடுத்தல் மூன்றாவது. அவர் செய்யும் தொழிலின் தரத்தைக் குறைத்தல் நான்காவது. உடல்நலத்துக்கு ஊறு விளைத்தல் ஐந்தாவது.

இவற்றை நம் அனுபவத்தோடு பொருத்தி நோக்குவார்க்கு உதாரணங்கள் தாமே தோன்றும். கூட்டத்திலே ஒருவர் பேசத் தொடங்கியதும் ஏனையோர் தம்முட் பேசிக்கொள்வர். காலையில் அவர் கூறும் வணக்கத்துக்கு மறுமொழி இராது. தேநீர் வேளையில் அவர் வந்தமர்ந்ததும் மேசை மௌனமாகிவிடும். அவர் பார்க்கவேண்டிய கோவை அவரிடம் வந்து சேராது. அதனைப் பாராத குற்றம் மாத்திரம் அவரைச் சேரும். இருபது ஆண்டு அனுபவம் உடையவருக்குப் புதிதாய்ச் சேர்ந்தவர் செய்யத்தக்க வேலை கொடுக்கப்படும். அல்லது வேலையே கொடுக்கப்படமாட்டாது. ஆசிரியராயின், ஆண்டுதோறும் அவர் நேரசூசியே சிதைக்கப்படும். மாணவர் முன்னிலையில் அவர் திருத்தப்படுவார். அவருடைய நடையும் பேச்சும் பிறந்த ஊரும் குடும்ப நிலையும் நகைப்புக்குரிய பொருள்களாகும்.

இச்செயல்களுள் ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்து அற்பமானது என்பதை நாம் ஊன்றி அறிதல் வேண்டும். முறைப்பாடு செய்யப் புகுந்தால், “இதற்காகவா முறையிடுகிறீர்?” என்று கேட்கத்தக்க அளவே ஒவ்வொன்றும் இருக்கும். “நான் கவனிக்கவில்லை”, “பகிடிக்குச் சொன்னேன்” என்று எளிதிலே தப்பிக்கொள்ளலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம்மவர் பழமொழி. அந்த அடிகளுள் எந்த அடி அம்மியை நகர்த்தியது என்று கேட்பார்க்கு விடை இல்லை. இக்கொடுமையின் வலிமையும் அதுவே. அதனை மெய்ப்பிப்பதில் உள்ள இடர்ப்பாடும் அதுவே.

உள்ளத்தில் நிகழ்வது

ஆபத்து நேருமிடத்து உடல் தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொள்ளும். இதயம் விரைந்து துடிக்கும், தசைகள் இறுகும், அதிரினலின், கோட்டிசோல் முதலிய சுரப்புகள் இரத்தத்திற் கலக்கும். நாய் துரத்தினால் ஓடித் தப்புவதற்கு இவ்வாயத்தம் உதவும். ஆபத்து நீங்கியதும் உடல் அமைதியடையும். காலை எட்டு மணி தொடக்கம் மாலை வரை ஒருவர் இருக்கும் இடமே ஆபத்தாகிவிட்டால் இவ்வாயத்தம் தணிவதெப்போது? இரவிலே உறக்கம் கெடும். தலையிடியும் வயிற்றுநோவும் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே திங்கட்கிழமையின் அச்சம் நெஞ்சிற் புகுந்துவிடும்.

உறக்கம் கெட்டவருக்கு ஒருமுகப்பட்ட கவனம் இராது. கவனம் இல்லாதவர் பிழை செய்வார். முன்னர் இல்லாத பிழைகள் இப்பொழுது உண்மையாகவே நேர்கின்றன. “நாம் அப்பொழுதே சொன்னோம் அல்லவா?” என்று துன்புறுத்துவோர் அவற்றைச் சுட்டிக் காட்டுவர். சில மாதங்கள் செல்லத் துன்புறுவோர் தாமும் அதனை நம்பத் தலைப்படுவர். தம்மிடத்திலே ஏதோ குறை உண்டு என்னும் எண்ணம் வேரூன்றுதலே இக்கொடுமை செய்யும் மிகப் பெரிய கேடு எனலாம். கள்வன் வீட்டிற் புகுந்து பொருளைக் கொண்டு செல்வான். இக்கொடுமையோ ஒருவர் தம்மேல் வைத்த நம்பிக்கையையே கொண்டு செல்கின்றது. கந்தோரிலே அடக்கிய சினம் வீட்டிலே வெடிக்கும். காரணம் அறியாத மனைவியும் மக்களும் அதனைத் தாங்குவர். நண்பர் வீட்டு விசேடங்களுக்கும் போக மனம் இராது.

ஒதுக்கப்படுதல் எத்துணைச் சிறிதாயினும் வருத்தும் என்பதற்குச் சான்று உண்டு. கிப்லிங் வில்லியம்ஸ் என்னும் உளவியலறிஞர், கணினித் திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடுவது போன்ற ஓர் எளிய சோதனையை அமைத்தார். சிறிது நேரத்தின் பின் மற்றை இருவரும் சோதிக்கப்படுபவருக்குப் பந்தை எறியாது விடுவர். முன்பின் அறியாதவர் சில நிமிடம் பந்து எறியாமை ஒரு பொருட்டன்று; ஆயினும் ஒதுக்கப்பட்டவர் மனம் வருந்தினர். 2003 ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அவ்வேளையில் மூளையிலே கிளர்ச்சியுறும் பகுதிகளுள் ஒன்று, உடல்வலியால் வரும் துன்பத்தோடு தொடர்புடைய பகுதியே எனக் காட்டியது. விளையாட்டுப் பந்துக்கே இவ்வாறாயின், கூடவே பணியாற்றுவோர் பல மாதங்கள் முகங்கொடாது விடுதல் எத்தகையது என்பதை உய்த்துணர்க.

லேமன் தம்முடன் பணிபுரிந்த ஒருவரோடு சேர்ந்து, இவ்வாறு துன்புற்றுச் சிகிச்சைக்கு வந்த 64 பேரை ஆராய்ந்து 1996 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுட் பெரும்பாலாரிடம், போரிலும் பெரு விபத்திலும் சிக்கியோரிடத்துக் காணப்படும் மனவடு நோயின் குறிகளே காணப்பட்டன. நிகழ்ந்தவை வேண்டாமலே நினைவில் எழுதல், கனவில் வருத்துதல், சிறு ஒலிக்கும் திடுக்குறுதல், அந்த இடத்தையும் அந்த மனிதரையும் நினைவூட்டும் எதனையும் அஞ்சி விலகுதல் என்பன அக்குறிகளாம். கோர விபத்தைக் கண்ட புகையிரத ஓட்டுநர்களின் மனநிலையை ஆராய்ந்தோருள்ளும் லேமன் ஒருவர். இவ்விரு திறத்தாரையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விபத்தைக் கண்டவருக்கு அதிர்ச்சி ஒருமுறை நேர்ந்தது. அதன்பின் உற்றாரும் உடன் பணிபுரிவோரும் வந்து ஆறுதல் கூறுவர். தொழிலிடத்திலே துன்புறுபவருக்கோ அதிர்ச்சி நாடோறும் நேர்கின்றது. ஆறுதல் கூறவேண்டியவரே அதிர்ச்சியைத் தருகின்றனர்.

விளைவைக் காரணமெனக் கொள்ளும் பிழை

இக்கொடுமை படிப்படியாக வளர்வது என லேமன் விளக்கினார். முதலில் ஏதோ ஒரு சிறு பிணக்கு. அது தீர்க்கப்படாது போக, ஒருவர் இலக்காகின்றார், உபத்திரவம் தொடர்கின்றது. மூன்றாம் படியிலேதான் நிருவாகம் தலையிடும். அதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும். நிருவாகம் காண்பது யாரை? உறக்கமற்றுச் சிவந்த கண்களோடு, சிறு சொல்லுக்கும் கண்ணீர் விடுபவரை அல்லது கூச்சலிடுபவரை. பிழை மலிந்த வேலை செய்பவரை. எவரையும் நம்பாது ஐயுறுபவரை. எதிரே அமைதியோடு ஒரே கதையைக் கூறும் பலர் நிற்பர். எவர் பக்கம் தீர்ப்புச் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? “ஆள் ஒரு மாதிரி”, “ஒருவரோடும் ஒத்துப்போகமாட்டார்” என்பதே முடிவாகும். நான்காம் படி வெளியேற்றம். இடமாற்றம், நீண்ட சுகவீன விடுமுறை, இளமையிலேயே ஓய்வு, பதவி துறத்தல் என அஃது எப்பெயரையும் பெறலாம்.

நீரின்றி வாடிய பயிரைப் பார்த்து, விதை பழுது என்று கூறுவார் உளரோ? எட்டு ஆண்டு நன்றாகப் பணியாற்றிய ஒருவர் ஒன்பதாம் ஆண்டிலே திடீரெனத் திறமையற்றவரும் சண்டைக்காரருமாய் மாறினாரெனின், அவருடைய பிறவிக் குணத்தை ஆராய்வதன் முன்னர் ஒன்பதாம் ஆண்டிலே அவ்விடத்தில் என்ன மாறியது என்று ஆராய்தல் அன்றோ முறை? நோர்வே நாட்டுப் பேர்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்டாலெ ஐனார்சன் முதலானோர் செய்த ஆய்வுகள், உபத்திரவம் மனத்தைத் தளர்விக்கும் என்பதோடு, மனந்தளர்ந்தவர் மேலும் உபத்திரவத்துக்கு இலக்காவர் என்பதையும் காட்டின. ஆகவே இஃது ஒரு சுழல். சுழலில் அகப்பட்டவரைப் பார்த்து, நீந்தத் தெரியாதவர் என்று கரையில் நின்று கூறுதல் நேர்மையன்று.

பிரான்சு தேசத்து வழக்கு

ஒருவர் இருவர் செய்யும் கொடுமை இத்தகையதாயின், ஒரு நிறுவனமே திட்டமிட்டுச் செய்தால் நேர்வது யாது? இதற்குப் பிரான்சு தேசத்தின் தொலைபேசி நிறுவனமாகிய பிரான்ஸ் ரெலிகொம் உலகறிந்த உதாரணமாயிற்று. அரசாங்கத்துக்குரியதாயிருந்த அந்நிறுவனம் 1996 ஆம் ஆண்டிற் கம்பனியாக மாற்றப்பட்டு, 2004 ஆம் ஆண்டிற் பெரும்பங்கு தனியார் கைக்கு மாறியது. அங்கு பணியாற்றியோர் ஏறக்குறைய 120,000 பேர். அவர்களுட் பலர் அரசாங்க ஊழியர் நிலை உடையராதலின், அவர்களை விலக்க இயலாது. 2006 முதல் மூன்று ஆண்டுகளில் 22,000 பேரைக் குறைப்பதென நிருவாகம் திட்டம் வகுத்தது. விலக்க இயலாதவர் தாமே விலகிச் செல்லவேண்டும். சன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ அவர்களைப் போகச் செய்வேன் என்று நிறுவனத் தலைவர் டிடியே லொம்பார் 2006 ஆம் ஆண்டில் உயரதிகாரிகளின் கூட்டமொன்றிலே கூறியது பின்னர் வழக்கிலே பேசப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை லேமனின் நிரலைப் படிப்பது போல் உள்ளன. முன்னறிவிப்பின்றி இடமாற்றம்; பழகிய வேலை பறிக்கப்படுதல்; கம்பியும் கருவியும் கையாண்ட தொழில்நுட்பவியலாளர் தொலைபேசியிற் பொருள் விற்கும் வேலைக்கு அனுப்பப்படுதல்; வேலையின்றி வைத்திருத்தல். பலர் நோயுற்றனர். சிலர் தம்முயிரையே மாய்த்துக்கொண்டனர். பாரிஸ் நீதிமன்றம் 39 பேரின் நிலையை ஆராய்ந்தது. அவர்களுள் 19 பேர் தற்கொலையால் இறந்தவர். 12 பேர் அதற்கு முயன்று பிழைத்தவர். 8 பேர் மனச்சோர்வு நோயால் வருந்தியவர். 2019 டிசெம்பர் 20 ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைவரும் மற்றிரு மேலதிகாரிகளும் ஓராண்டுச் சிறையும் (அதிலே எட்டு மாதம் ஒத்திவைக்கப்பட்டது) 15,000 யூரோ குற்றப்பணமும் பெற்றனர். நிறுவனத்துக்கு 75,000 யூரோ குற்றப்பணம் விதிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் மேல் நீதிமன்றம் தலைவருடைய சிறைத்தண்டனை முழுவதையும் ஒத்திவைத்தது. எனினும் குற்றவாளி என்னும் தீர்ப்பை மாற்றவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2025 சனவரி 21 ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இவ்வழக்கின் சிறப்பு யாதெனின், மேலதிகாரிகள் துன்புற்றோருட் பலரை நேரிற் கண்டிலர், பெயரும் அறிந்திலர். நிறுவனத்தின் கொள்கையே உபத்திரவமாதல் கூடும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ‘நான் ஒருவரையும் ஏசவில்லை’ என்று மேலதிகாரி கூறுதல் மாத்திரம் இனிப் போதாது.

சட்டத்தின் துணை

சுவீடன் 1993 ஆம் ஆண்டிலேயே இக்கொடுமையைத் தடுக்கும் தனி விதிகளை இயற்றியது. பிற்காலத்தில் அவை விரிந்த வேறு விதிகளுள் அடங்கின. பிரான்சு 2002 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியிராவிடின் மேற்கூறிய வழக்கே எழுந்திராது. சர்வதேசத் தொழில் தாபனம் 2019 யூன் 21 ஆம் நாள் ஜெனீவாவில் 190 ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2021 யூன் 25 தொடக்கம் அமுலுக்கு வந்தது. உடலுக்கு மாத்திரமன்றி உள்ளத்துக்கும் பொருளாதாரத்துக்கும் தீங்கு விளைக்கும் நடத்தையை அவ்வுடன்படிக்கை வன்முறையுள் அடக்குகின்றது.

நம் நாட்டிலே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடுக்கின்றது. அச்சட்டம் மாணவருக்கு மட்டும் உரியதெனப் பலர் எண்ணுவர். ஆயின் மாணவருக்கோ அந்நிறுவனத்தின் பணியாளருக்கோ உடலூறு, உளவூறு, மனவேதனை, அச்சம் என்பவற்றை விளைக்கும் செயல்களையே அது பகிடிவதை என வரையறுக்கின்றது. உள்ளத்தின் ஊறும் ஊறே என்பதை நம் நாட்டுச் சட்டம் இவ்வாறு ஏற்றுக்கொண்டமை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே அறியத்தக்கது.

செய்யத்தக்கன

துன்புறுவோர் முதலிற் செய்யத்தக்கது எழுதிவைத்தல். நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தோர் என்பவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் வேண்டும். தனித்தனியே அற்பமாய்த் தோன்றும் நிகழ்ச்சிகள் நிரலாக எழுதப்பட்டவிடத்துத் தம் உண்மை உருவைக் காட்டும். இரண்டாவது, நம்பத்தக்க ஒருவரிடமேனும் சொல்லுதல். வெட்கத்தால் மறைத்துவைக்கும் துன்பம் உள்ளேயிருந்து வளரும். உறக்கமும் உணவும் கெட்டவிடத்து வைத்தியரை நாடுதல் கோழைத்தனம் அன்று. காய்ச்சலுக்கு மருந்துண்பது போன்றதே அது. வாழ்வே வெறுத்துத் தோன்றுமாயின் ஒரு கணமும் தாமதியாது உதவி நாடுக. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதன்பொருட்டே உள்ளது. சினத்தால் ஒரே நாளிற் பதவியைத் துறந்துவிடாது, தொழிற்சங்கத்தோடும் சட்டம் அறிந்தாரோடும் கலந்து செய்தல் நன்று.

பார்த்திருப்போர் கடமை இதனினும் பெரிது. துன்புறுத்துவோர் ஓரிருவரே, பேசாதிருப்போர் பலர். அப்பலருடைய மௌனமே அந்த ஓரிருவருக்கு வலிமை. ஒதுக்கப்பட்டவரோடு சேர்ந்து தேநீர் அருந்துதல், அவர் கூறிய வணக்கத்துக்கு யாவரும் கேட்க மறுமொழி கூறுதல், விசாரணையிலே தாம் கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் என்பன பெருந்தியாகங்கள் அல்ல. ஆயினும் அவை ஒருவரைச் சுழலினின்றும் மீட்க வல்லன.

தலைமை தாங்குவோர்க்கு ஒரு சொல். திருக்குறளிலே ‘வெருவந்த செய்யாமை’ என்பது ஐம்பத்தேழாம் அதிகாரம். தன்கீழ் வாழ்வார் அஞ்சத்தக்க செயல்களை ஆள்வோன் செய்யலாகாது என்பது அதன் பொருள். கடுஞ்சொல்லும், இரக்கமின்மையும், காண்டற்கு அரியனாதலும் ஆள்வோனுக்கே கேடாய் முடியும் என்பதை வள்ளுவர் அங்கே விளக்குகின்றார். அரசனுக்குச் சொன்னது அதிபருக்கும் முகாமையாளருக்கும் பிரதம இலிகிதருக்கும் பொருந்தும். முறைப்பாடு வரும்வரை காத்திராது, நன்கு பணியாற்றிய ஒருவர் வாடத் தொடங்கும்பொழுதே, ‘இவருக்கு என்ன குறை?’ என்று கேளாது, ‘இவருக்கு இங்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கும் தலைவரே தலைவர் ஆவர்.

இன்று நம் கல்லூரி முற்றத்தில் ஓடி விளையாடும் சிறுவரே நாளைய கந்தோர்களை நிரப்பப்போகின்றனர். வகுப்பிலே ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிப் பலர் கூடி நகைக்கும்பொழுது, நகையாதிருக்கவும் அப்பிள்ளையின் அருகே சென்று அமரவும் கற்ற மாணவன், நாளை எக்கந்தோரிலும் அவ்வாறே செய்வான். அதனை அவனுக்குக் கற்பித்தல் ஆசிரியராகிய எம் கடன். தாம் தலைமை தாங்கும் இடங்களில் அதனை நடத்திக் காட்டுதல் பழைய மாணவர்தம் கடன். பதவியால் உயர்ந்த பழைய மாணவரைக் கண்டு கல்லூரி பெருமை கொள்ளும். தம்கீழ்ப் பணிபுரிவோர் அச்சமின்றி உறங்கும்படி நடந்துகொள்ளும் பழைய மாணவரைக் கண்டு அது பெருமிதமே கொள்ளும். இவ்விழா ஆண்டிலே அத்தகையோர் பெருகுவாராக.